அட்டையோடு நின்றுபோன விளையாட்டு அரங்குகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு பதிப்பில், பழைய பொம்மைகளைச் சேர்ப்பவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்திருந்தது. ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களுக்காக உருவாக்கப்பட்டு, கடைக்கு வராமலே போன மாதிரிப் பொம்மைகளையும், பொம்மைகளை நிறுத்தி விளையாடும் கோட்டை போன்ற விளையாட்டு அரங்குகளையும் அதில் ‘தோற்றுப்போன சரக்கு’ என்று கட்டுரையாளர் குறிப்பிட்டிருந்தார். அவற்றுக்கு இலட்சக்கணக்கில் பணம் கொடுப்பவர்களை மெல்லக் கிண்டலும் செய்திருந்தார். கிண்டலில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், சிங்கப்பூரின் ஜூரோங்கில் பிளாஸ்டிக் வார்ப்புக்கான எஃகு அச்சுகள் செய்யும் பட்டறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், ‘தோற்றுப்போன’ என்ற அந்த ஒரு சொல் என்னை உறுத்திக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

அந்தப் பொம்மைகளைச் செய்தது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், சின்சினாட்டி நகரில் இயங்கிய கென்னர் நிறுவனம். 1977 மே மாதம் முதல் படம் திரைக்கு வந்தபோது, அதன் பாத்திரங்களில் ஒன்றுகூடப் பொம்மையாகக் கடைக்கு வந்திருக்கவில்லை. அந்த ஆண்டு கிறிஸ்துமசுக்கு அவர்கள் விற்றது ஏறத்தாழ ஒரு காலி அட்டை உறை. உள்ளே இருந்த சான்றிதழை அஞ்சலில் அனுப்பினால் நான்கு பொம்மைகள் பின்னர் வீடு தேடி வரும் என்பது ஏற்பாடு. 1978ல் பொம்மைகள் முறையாக வெளிவந்தபோது அவற்றின் உயரம் மூன்றே முக்கால் அங்குலம். இந்தச் சிறிய உயரத்தில்தான் எல்லாச் சூட்சுமமும் அடங்கியிருந்தது. பொம்மை சிறியதாக இருந்தால்தான் அது ஏறிச்செல்ல விண்கலமும், அது நின்று சண்டையிட ஒரு கோட்டையும், ஒரு குழந்தை கையில் தூக்கக்கூடிய அளவில் செய்ய முடியும். அப்படி வந்தவைதான் விளையாட்டு அரங்குகள். அதே 1978ல் வந்த ‘டெத் ஸ்டார்’ விண்வெளி நிலையத்துக்கு நான்கு தளங்கள் இருந்தன. குப்பை நசுக்கும் அறையும், அதில் கொட்ட நுரைப்பஞ்சுத் துண்டுகளும், அந்தக் குப்பைக்குள் ஒளிந்திருக்க ஒரு பிராணியும்கூட இருந்தன. (அந்த நுரைப்பஞ்சு இன்று முழுமையாகக் கிடைப்பது அரிது என்று சேகரிப்பாளர்கள் வருந்துகிறார்கள். கூட்டித் தள்ளிய தாய்மார்களைக் குறை சொல்ல முடியாது.)

பிரிட்டனில் அதே ‘டெத் ஸ்டார்’ அரங்கைப் பாலிடாய் நிறுவனம் வேறு விதமாக விற்றது. அங்கே அது பிளாஸ்டிக் மாடிகளாக இல்லாமல், அச்சடித்த அட்டையை மடித்து நிறுத்தும் அரங்காக இருந்தது. ஒரே படம், ஒரே கட்டடம். ஒரு நாட்டில் பிளாஸ்டிக், இன்னொரு நாட்டில் அட்டை. இதைப் பார்க்கும் குழந்தைக்கு ஏமாற்றமாக இருந்திருக்கலாம். என்னைப் போன்றவன் கண்ணுக்கு அதில் ஒரு செலவுக் கணக்குத்தான் தெரிகிறது. கடைக்கு வராத அரங்குகளின் கதையும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

பிளாஸ்டிக் பொம்மை என்றாலே மலிவான பொருள் என்று பலரும் நினைக்கிறார்கள். பிளாஸ்டிக் மலிவுதான், அதற்கு உருவம் கொடுக்கும் எஃகு அச்சுதான் விலை. இரண்டு பாதிகளாகக் குடைந்த எஃகுக் கட்டிகளை இயந்திரம் இறுகப் பூட்டிப் பிடித்திருக்க, உருகிய பிளாஸ்டிக் பெரும் அழுத்தத்துடன் அவற்றுக்கிடையே பாயும். பூட்டும் விசை போதாவிட்டால் அச்சு இம்மியளவு வாய் திறந்து, பொருளின் விளிம்பில் சவ்வுபோலப் பிளாஸ்டிக் பிதுங்கி நிற்கும். பட்டறையில் இதை ‘ஃபிளாஷ்’ என்போம். ஒரு சதுர அங்குலப் பரப்புக்கு இரண்டு முதல் ஐந்து டன் விசை வேண்டும் என்பது நாங்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு. விரல் அளவுப் பொம்மையின் கைகால்களை ஒரே அச்சில் பல குழிகளாக வெட்டி, நடுத்தர இயந்திரத்திலேயே ஒரு வார்ப்புக்குப் பத்துப் பன்னிரண்டு துண்டுகள் எடுத்துவிடலாம். 20 அங்குல நீளமும் 15 அங்குல அகலமும் கொண்ட ஒரு கோட்டைத் தளத்தின் பரப்போ 300 சதுர அங்குலம். அதற்கு 600 டன்னிலிருந்து 1,500 டன் வரை பூட்டக்கூடிய இயந்திரம் தேவை. ஒரு வார்ப்புக்கு ஒரே துண்டுதான் விழும். அது ஆறும்வரை இயந்திரம் சும்மா நிற்கும். இவ்வளவும் போதாதென்று, கணினி வரைவு வருவதற்கு முந்தைய அந்தக் காலத்தில், சிற்பி செய்த மூல உருவை ஓர் ஊசி தடவிக்கொண்டே போக, அதன் அசைவை வெட்டும் கருவி எஃகில் பதிக்கும் பான்டோகிராஃப் போன்ற இயந்திரங்களில் வாரக்கணக்கில் உட்கார்ந்து குடைய வேண்டும். ஏபிஎஸ் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் ஆறும்போது ஆயிரத்தில் நான்கிலிருந்து ஏழு பங்குவரை சுருங்கும் என்பதால், அந்தச் சுருக்கத்துக்கும் எஃகிலேயே இடம் விட்டிருக்க வேண்டும். தவறாக வெட்டிவிட்டால் எஃகைத் திரும்ப ஒட்டுவது பெரும் பாடு.

ஆகவே, ஒரு விளையாட்டு அரங்கின் திட்டம் எந்த நாளில் கைவிடப்பட்டது என்று கேட்டால், பெரும்பாலும் விடை, எஃகு வாங்குவதற்கு முந்தைய நாள் என்பதாகத்தான் இருக்கும். சின்னப் பொம்மைகளில் கடைக்கு வராதவை பல, அச்சு வெட்டி முடித்து முதல் துண்டுகள் எடுத்த நிலைவரை வந்திருக்கின்றன. அரங்குகளோ அட்டையாகவும் நுரைப்பலகையாகவுமே நின்றுவிடுகின்றன. அவற்றை வடிவமைத்தவருக்குத் திறமை இல்லை என்பதோ, குழந்தைகளுக்கு அவை பிடிக்கவில்லை என்பதோ இதற்குப் பொருளன்று. எந்தக் குழந்தையின் கைக்கும் அவை போகவே இல்லை. போட்டியில் ஓடாதவனைத் தோற்றவன் என்று நாம் சொல்வதில்லையே.

கென்னர் நிறுவனம் ஒரு தளத்துக்கு வெட்டிய அச்சை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்தியது என்பதைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1979ல் வந்த ‘லேண்ட் ஆஃப் தி ஜாவாஸ்’ அரங்கின் பாலைவனத் தளம், அடுத்த படம் வந்ததும் நிறம் மாறி, பின்னால் வேறொரு அட்டைப் படத்தை நிறுத்திக்கொண்டு, ‘ஹோத்’ பனிக்கிரகமாக விற்பனைக்கு வந்தது. அதே தளம் மூன்றாம் முறை, சியர்ஸ் கடைகளுக்கென்று தனியாகச் செய்த கிளர்ச்சிப் படையின் கட்டளை மையமாகவும் வந்தது. எந்திர மனிதர்களைப் பூட்டிக் கழற்றும் ‘டிராய்டு ஃபேக்டரி’யின் தளம், சில ஆண்டுகள் கழித்து ஜப்பா என்ற வில்லனின் நிலவறையானது. எனக்கு மிகவும் பிடித்தது 1983ல் வந்த, படத்தில் ஈவோக் என்னும் குட்டிக் கரடி போன்ற இனத்தார் வாழும் மர வீடு. அந்தத் திரைப்படப் பொம்மை வரிசை 1985ல் முடிந்துவிட்டது. அச்சு மட்டும் முடியவில்லை. 1991ல் ராபின் ஹூட் படத்துக்குப் பொம்மைகள் செய்தபோது அதே மர வீட்டை ஷெர்வுட் காடாக்கிவிட்டார்கள். அந்த வரிசையில் வந்த கொழுத்த பாதிரியாரின் உடல், விண்வெளிப் படத்தில் பன்றி முகக் காவலாளியாக நின்ற அதே உடல். பட்டறைக்காரன் என்ற முறையில் எழுந்து நின்று கைதட்ட வேண்டிய வேலை இது! புதுத் தளம் வெட்டுவது எவ்வளவு கனத்த முடிவாக இருந்திருந்தால் ஒரு பாலைவனத்தைப் பனிநிலமாக்க அவர்கள் துணிந்திருப்பார்கள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு பொம்மையோ அரங்கோ உருவாகும் வரிசை இது: வடிவமைப்பாளர் முதலில் தாளில் வரைவார். பிறகு நுரைப்பலகை, பிளாஸ்டிக் தகடு, கடையில் விற்கும் கப்பல், விமான மாடல் பெட்டிகளின் உதிரிகள் ஆகியவற்றை வெட்டி ஒட்டி ஓர் உருவம் செய்வார். பொம்மைகளாக இருந்தால் சிற்பி மெழுகில் செதுக்க, அதன்மேல் சிலிக்கான் ரப்பர் ஊற்றி, அந்த ரப்பர் குழியில் கெட்டியான பிசின் வார்த்து எடுப்பார்கள். சேகரிப்பாளர்கள் ‘ஹார்ட்காப்பி’ என்று சொல்வது இதைத்தான். எஃகு அச்சிலிருந்து சோதனைக்காக எடுக்கும் முதல் துண்டுகள் ‘ஃபர்ஸ்ட் ஷாட்’. அவை பெரும்பாலும் பொருத்தமே இல்லாத நிறங்களில் இருக்கும். அன்றைக்கு இயந்திரத்தில் என்ன பிளாஸ்டிக் இருந்ததோ அதுதான் நிறம். கடைக்காரர்களுக்கான விலைப்பட்டியலில் படமெடுக்கக் காத்திருக்க நேரமில்லாமல், சாயம் பூசிய மாதிரியையே படமெடுத்துப் போடுவதும் உண்டு. அதனால்தான் பழைய பட்டியல்களைப் புரட்டினால், படத்தில் ஒன்றும் பெட்டிக்குள் வேறொன்றுமாக இருக்கும் பொம்மைகளை நிறையக் காண்கிறோம்.

1982ல் கென்னர் ‘மைக்ரோ கலெக்‌ஷன்’ என்ற பெயரில் ஒரு புது வரிசையைத் தொடங்கியது. ஓர் அங்குல உயரத்தில் உலோகப் பொம்மைகள், அவற்றுக்கு ஒன்றோடொன்று சேரும் சிறுசிறு அரங்குகள். தனித்தனியாக வாங்கிச் சேர்த்தால் ஒரு பனிக்கோட்டையோ மேகநகரமோ உருவாகும். பெரிய தளத்தின் செலவைச் சிறிய துண்டுகளாக உடைத்துப் போடும் புத்திசாலித்தனமான திட்டம் அது. விற்பனை எதிர்பார்த்தபடி அமையவில்லை. வரிசை சீக்கிரமே நிறுத்தப்பட்டது. அடுத்து வரவிருந்த அரங்குகள் மாதிரி நிலையிலேயே நின்றன. பின்னர், மூன்று படங்களும் முடிந்து வணிகம் மங்கிய காலத்தில், மார்க் பூட்ரோ என்ற கென்னர் வடிவமைப்பாளர் பொம்மைகளின் மூலமாகவே கதையைத் தொடரலாம் என்று ஒரு திட்டம் தீட்டினார். அத்தா பிரைம் என்றொரு புது வில்லன், புதுப் புது வாகனங்கள் எல்லாம் அதில் இருந்தன. படங்களை எடுத்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் அதை ஏற்கவில்லை. இன்று அந்தத் திட்டத்தை அறிய மிஞ்சியிருப்பவை சில ஓவியங்களும் கையால் செய்த சில மாதிரிகளும்தான்.

தங்கள் கட்டுரையில் குறிப்பிட்ட, 2024ல் 525,000 அமெரிக்க டாலருக்கு ஏலம் போன போபா ஃபெட் என்ற பாத்திரத்தின் பொம்மை, ஓர் அரங்கு அன்று. ஆனாலும் அதையும் ‘தோற்றது’ என்று எழுதியிருப்பதால் ஒரு வார்த்தை. முதுகிலிருந்து சின்ன ஏவுகணை பாயும் அந்தப் பொம்மையை 1979ல் அஞ்சல் வழி தருவதாகக் கென்னர் விளம்பரம் செய்திருந்தது. அதற்குச் சற்று முன், 1978 இறுதியில், வேறொரு நிறுவனத்தின் விண்கலப் பொம்மையிலிருந்து பாய்ந்த துண்டு தொண்டைக்குள் போய் ஒரு சிறுவன் இறந்துபோனான். கென்னர் தன் ஏவுகணையைப் பாயாதபடி ஒட்டித்தான் அனுப்பியது. சிறு குழந்தைகளின் பொம்மைகளில் விழுங்கக்கூடிய சிறு துண்டுகள் இருக்கக் கூடாது என்ற அமெரிக்க விதி 1980 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. முதுகில் அந்த ஏவுகணைக்காக வெட்டிய பள்ளத்தை ஒரு முறையும், திருத்தி இன்னொரு முறையும் செய்து பார்த்த தடயம் மிஞ்சிய மாதிரிகளில் இருக்கிறது. ஒருவர் பாதுகாப்பாக்க முயன்று, முடியாது என்று ஒப்புக்கொண்டு நிறுத்தியதன் சான்று அந்தப் பள்ளம். ஐந்து இலட்சம் டாலர் கொடுப்பது அறிவா என்பது வேறு பேச்சு. என்னிடம் இருந்தால் நான் கொடுக்க மாட்டேன்.

இப்போதெல்லாம் நிறுத்துவதா தொடர்வதா என்ற முடிவை வாங்குபவர்களிடமே விட்டுவிடுகிறார்கள். கென்னரின் உரிமைகள் பின்னாளில் சென்று சேர்ந்த ஹாஸ்புரோ நிறுவனம், 2018ல் ஜப்பாவின் பாய்மரப் படகை 499.99 டாலருக்கு அறிவித்து, 5,000 பேர் முன்பதிவு செய்தால்தான் அச்சு வெட்டுவோம் என்றது. 8,810 பேர் சேர்ந்தார்கள். 2021ல் ரான்கோர் என்ற மிருகத்துக்கு 9,000 பேர் கேட்டது. அந்த எண்ணிக்கை எட்டப்படவில்லை. அந்தப் பொம்மை இன்று விளம்பரப் படங்களில் மட்டும் உலவுகிறது.

நான் இவ்வளவு எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அக்காள் பேரன், தேசிய சேவை முடித்தவன், சேமித்து வைத்த பணத்தில் 900 வெள்ளிக்கு ‘வெளிவராத அரங்கின் ஃபர்ஸ்ட் ஷாட்’ ஒன்றை வாங்கப் போவதாகச் சொல்லி, “சின்னத் தாத்தா, ஒரு தடவை வந்து பாத்துச் சொல்லுங்க” என்று அழைத்தான். விற்பவர் யார், இடம் எது என்பது இங்கு வேண்டாம். அவரும் யாரிடமோ ஏமாந்து வாங்கியவராக இருக்கலாம். துண்டைத் திருப்பிப் பின்புறத்தைத்தான் முதலில் பார்த்தேன். எஃகு அச்சிலிருந்து வந்த துண்டானால், அதை வெளியே தள்ளிய எஜெக்டர் பின்களின் வட்டத் தடங்கள் பின்புறத்தில் இருந்தாக வேண்டும். பிளாஸ்டிக் உள்ளே நுழைந்த இடத்தில், ‘கேட்’ என்று நாங்கள் சொல்லும் வாயில், வெட்டிய வடு இருக்க வேண்டும். அச்சிலிருந்து கழன்று வருவதற்காகச் சுவர்கள் மிகச் சிறிதளவு சாய்ந்திருக்க வேண்டும். அதில் எதுவும் இல்லை. சுவர் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது. சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தபோது, உப்புத்தாள் தேய்க்க மறந்த ஒரு மூலையில் முப்பரிமாண அச்சுப்பொறியின் அடுக்குக் கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன. கூட இருந்த பின்னணி அட்டையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், கையால் பூசிய மார்க்கர் வண்ணம் இருக்க வேண்டிய இடத்தில் வீட்டு அச்சுப்பொறியின் மைப்புள்ளிகள். பேரன் முகம் வாடிப்போனது. வரும் வழியில் தேக்காவில் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

பிரதி செய்வது குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஒருபோதும் கடைக்கு வராத அரங்கைத் தன் வீட்டு மேசையில் பார்க்க ஆசைப்பட்டு ஒருவர் செய்து வைத்தால் அது நல்ல பொழுதுபோக்கு. அடியில் ‘பிரதி’ என்றும் செய்த ஆண்டையும் அழியாதபடி பொறித்துவிட்டால் போதும். இங்குள்ள சேகரிப்பாளர்கள் தங்களுக்குள் இதை ஒரு வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது வேண்டுகோள் தங்கள் நாளிதழுக்கு. ஒன்-நார்த்தில் லூகாஸ்ஃபிலிமுக்காகக் கட்டி 2014ல் திறந்த ‘சாண்ட்கிராலர்’ கட்டடத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதன் பெயரும் உருவமும் படத்தில் ஜாவாக்கள் என்னும் குள்ளர்கள் ஓட்டிச் செல்லும் பெரிய வாகனத்திலிருந்து வந்தவை; பாலைவனம் முழுக்கச் சுற்றிப் பழுதான எந்திரங்களைப் பொறுக்கி விற்பது அவர்கள் தொழில். நம் ஊரில் சொல்வதானால் காராங் குனிக்காரர்கள். அங்கே இயங்கிய திரைத்தொழில்நுட்பக் கூடத்தை மூடப் போவதாக 2023ல் அறிவித்தபோது இந்த ஊர் வருத்தப்பட்டது, செய்திகள் வந்தன. ஜூரோங்கில் பொம்மைகளும் பின்னர் கணினி உறுப்புகளும் வார்த்த சின்னப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடியபோது செய்தி வந்ததாக எனக்கு நினைவில்லை. சியா ஸ்திரீட்டில் 2007ல் திறந்த மின்ட் பொம்மை அரும்பொருளகத்தில் ஆயிரக்கணக்கான பொம்மைகளைக் காணலாம். நானும் பேரனை அழைத்துச் சென்றிருக்கிறேன். அங்கே நாம் பார்ப்பவை பெரும்பாலும் கடைக்கு வந்து விற்ற பொம்மைகள். கடைக்கு வராதவை, அவற்றை வெட்டியவர்களின் வீட்டு அலமாரிகளில் அல்லவா கிடக்கின்றன? தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் பலருடைய குரல்களைப் பதிவு செய்து வருகிறது. அச்சுப் பட்டறைகளில் வேலை பார்த்த தமிழர்கள், சீனர்கள், மலாய்க்காரர்கள் இன்னும் சிலர் இருக்கிறோம். நின்றுபோன வேலைகளைப் பற்றியும் எங்களிடம் கேட்கும்படி தங்கள் பக்கங்களில் ஒரு அழைப்பு வெளியிட்டால், குறைந்தது நான்கைந்து பேராவது கையில் எதையாவது எடுத்துக்கொண்டு வருவார்கள் என்று நம்புகிறேன்.

என்னிடமும் ஒன்று இருக்கிறது. 1984ல் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காக ஒரு கோட்டை அரங்கின் மூலைக் கோபுரத்துக்கு அச்சு வெட்டினோம். அது விண்வெளிப் பொம்மையன்று, சாதாரணக் குதிரைவீரர் கோட்டை. சோதனைத் துண்டுகள் எடுத்த வாரத்திலேயே வேலையை நிறுத்தச் சொல்லித் தந்தி வந்தது. துண்டுகளை எல்லாம் அரைத்து மறுபடி உருக்கச் சொன்னார்கள். ஒன்றை மட்டும் நான் மதிய உணவுத் தூக்கில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அது வாடிக்கையாளரின் சொத்து. எடுத்தது முறையன்று என்பது அன்றும் தெரியும், இன்றும் தெரியும். சின்சினாட்டியிலிருந்து வெளிவந்த மாதிரிகளில் பலவும் இப்படி ஊழியர்கள் வீடு வழியாகத்தான் வந்தன என்பதைப் படித்தபோது மனம் சற்று ஆறியது, முழுவதும் அல்ல. பச்சை நிறத்தில் இருக்க வேண்டிய கோபுரம் அன்றைக்கு இயந்திரத்தில் இருந்த ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது. அதன் இடப்பக்கச் சுவரின் உள்ளே எஜெக்டர் பின் தடம் ஒன்று தேவைக்கு மேல் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அந்தப் பின்னை நீளம் தவறி வெட்டியவன் நான்தான். கேட்பவர் இருந்தால் கோபுரத்தைக் கொண்டுவந்து கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுப் பட்டறைத் தொழிலாளி,
பூன் லே